மூடினீர்களா, அணைத்தீர்களா?

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். கையில் ஒரு டப்பா ஜாங்கிரி. "அக்கா, இப்ப வர்ற லேப்டாப் எல்லாம் தானாவே பூட்டிக்குது. வாங்கும்போதே குறியாக்கம் பண்ணித்தான் வருது. நீங்க ஒவ்வொண்ணா உக்காந்து பூட்டுவீங்களாமே, ஏன்க்கா அவ்ளோ கஷ்டப்பட்டீங்க?" என்று கேட்டார்கள். கேலியாகக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. தானாகப் பூட்டிக்கொள்வது இருக்கட்டும், பூட்டியதைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகிறவர்கள் ஒழிந்துவிட்டார்களா, அதைச் சொல்லுங்கள் முதலில் என்றேன். சிரித்துவிட்டுப் போனார்கள். வீட்டில் நான் ஒருத்திதான். ஜாங்கிரியில் பாதிக்கு மேல் எறும்புக்குப் போயிற்று.

அவர்கள் கேட்டதற்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன்.

படிப்பு, பயிற்சி என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ராயபுரத்தில் ஒரு மாடியறை இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் டிப்ளமா. பிறகு துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்கு ஏஜென்சியில் சில வருடம். அது இழுத்து மூடப்பட்டதும் திருவொற்றியூரில் இந்த அமைப்பில் சேர்ந்தேன். எண்ணூர், கத்திவாக்கம் பக்கம் சாம்பலிலும் நிலக்கரித் தூளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு நுரையீரல் பரிசோதனை செய்து கொடுக்கும் சின்ன அமைப்பு. மாடியில் மூன்று அறை, ஒரு டாக்டர், நாலைந்து ஊழியர்கள். கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்.

பரிசோதனைக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். யாருக்கும் தெரியாமல் வருவார்கள். "இவனுக்கு நெஞ்சில் கோளாறு" என்று மேஸ்திரி காதுக்குப் போனால் போதும், மறுநாள் வாசலிலேயே "நீ வேணாம், போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நஷ்ட ஈடு, மருந்துச் செலவு என்று யாரும் வந்து கேட்டுவிடக் கூடாதே. அதனால் எங்களிடம் வந்தவர்களின் பெயர்தான் எங்கள் அலுவலகத்தின் ஒரே சொத்து. அது வெளியே போனால் சிலருக்கு அடுப்பு எரியாது.

எங்கள் டாக்டர் பெயர் மரகதம். அவர் யாரையும் 'நீ' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தரை துடைக்க வரும் அம்மாவுக்கும் 'நீங்க'தான். குரல் உயராது. திட்ட வேண்டுமென்றால் இன்னும் மெதுவாகப் பேசுவார், அதுதான் பயம். யாராவது பாஸ்வேர்டு அடிக்கும்போது தலையை மட்டுமல்ல, உடம்பையே திருப்பிக்கொண்டு ஜன்னல் பக்கம் நிற்பார். அடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். ஆரம்பத்தில் இந்தம்மா என்ன நாடகம் போடுகிறார் என்று நினைத்தேன். பிறகு நானும் திரும்ப ஆரம்பித்தேன். இன்றைக்கும் ஏ.டி.எம்மில் முன்னால் நிற்பவர் எண்ணை அழுத்தினால் என் உடம்பு தானாகச் சுவர் பக்கம் திரும்பிவிடும். பின்னால் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

எக்ஸ்ரே படங்களையும் மூச்சுப் பரிசோதனை முடிவுகளையும் பெங்களூரில் ஒரு நுரையீரல் நிபுணர் பார்த்துச் சொல்வார். படங்கள் கனமானவை, எங்கள் அலுவலக இணையத்தில் ஏற்றினால் சுற்றிக்கொண்டே இருக்கும். தவிர அவர், எங்கள் ஊழியர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு படத்தையும் விசாரித்துப் பார்க்கிற மனிதர். அதனால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு ரயிலேறித்தான் ஆக வேண்டும். அந்தப் பயணத்துக்காகத்தான் பூட்டு.

பூட்டு என்று நான் சொல்வது குறியாக்கம். உள்ளே இருக்கும் அத்தனையையும் யாருக்கும் புரியாதபடி கலைத்துப் போட்டுவிடும். பாஸ்வேர்டு கொடுத்தால் மட்டும் ஒழுங்காகும். பெட்டியைக் கழற்றி உள்ளே இருக்கும் டிஸ்கை வேறு எந்தக் கம்ப்யூட்டரில் மாட்டினாலும் குப்பைதான் தெரியும். பாஸ்வேர்டு மறந்துபோனால் திறக்க மீட்புச் சாவி என்று ஒரு நீளமான எண் உண்டு. அதில் முன்பாதி டாக்டரிடம், பின்பாதி என்னிடம். ஒருத்தர் மட்டும் நினைத்தால் திறக்க முடியாது. பாஸ்வேர்டு வைப்பதில்தான் ஒவ்வொருவரோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பாதிப் பேர் பிள்ளை பெயர், மீதிப் பேர் சாமி பெயர். "ஏம்ப்பா, திருடனுக்கு வடிவுடையம்மனைத் தெரியாதா?" என்று கேட்டால் கோபித்துக்கொள்வார்கள்.

இவ்வளவு பூட்டையும் வீணாக்குகிற ஒரு பழக்கம் எங்கள் ஆட்களுக்கு இருந்தது. அது வேறு ஊர்க்காரர்களுக்கு வந்திருக்காது. எண்ணூரில் முகாம் போட்டால் திடீரென்று அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் பறந்து வரும். அடித்தால் எல்லோரும் முதலில் செய்வது கையில் இருப்பதைச் சட்டென்று மூடுவது. சோற்றுப் பாத்திரமானாலும் சரி, தண்ணீர்க் குடமானாலும் சரி, லேப்டாப்பானாலும் சரி. பட்டென்று மூடி, துண்டில் சுற்றி, பைக்குள் தள்ளிவிடுவார்கள். கைக்கு அது ஊறிப்போன பழக்கம். மூடியாயிற்று, இனி பத்திரம் என்ற நினைப்பு. ஆனால் லேப்டாப்பை மூடினால் அது தூங்கும், அவ்வளவுதான். பாஸ்வேர்டு கொடுத்துத் திறந்த சாவி அதன் நினைவிலேயே இருக்கும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவது போல. முழுக்க அணைத்தால்தான் சாவி அழியும், அப்போதுதான் அது பூட்டு.

இதை எத்தனை தரம் வகுப்பெடுத்தாலும் மண்டையில் ஏறவில்லை. கடைசியில் டாக்டரே ஒரு வழி கண்டுபிடித்தார். ஊருக்குக் கிளம்புகிறவர் அவர் முன்னால் வந்து நிற்க வேண்டும். "மூடினீங்களா, அணைச்சீங்களா?" என்று கேட்பார். "அணைச்சேன் டாக்டர்" என்றால் விட்டுவிட மாட்டார். "அடியைத் தொட்டுப் பாருங்க" என்பார். பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது மாதிரி பெட்டியின் அடியில் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடு ஆறியிருக்க வேண்டும். ஆறும்வரை உட்கார வைத்துவிடுவார். ரயிலுக்கு நேரமாகிறது என்று யாராவது நெளிந்தால், அடுத்த ரயில் இருக்கிறதே என்பார்.

இன்னொரு விதியும் இருந்தது. அதுதான் எனக்குக் கஷ்டம். எங்களிடம் வந்தவர்களை வெளியே பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டக் கூடாது. நான் பிறந்து வளர்ந்த ஊர் திருவொற்றியூர். வந்தவர்களில் எத்தனையோ பேர் என் தெருக்காரர்கள். கும்மிடிப்பூண்டி ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வருவேன். கறிக்கடையில், ரேஷன் கடையில், தேர்த் திருவிழாவில் எல்லா இடத்திலும் அப்படித்தான். கல்யாணம் செய்துகொள்ளாதவள், அம்மா போன பிறகு தனிக்கட்டை, பேச ஆள் வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் தெருவில் பாதிப் பேரைப் பார்த்து நான் பேசக்கூடாது. "செல்விக்குத் தலைக்கனம்" என்று பேர் வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஏழுமலை அப்படி வந்த ஒருத்தர். நிலக்கரி யார்டில் லோடுமேன். ஆள் நல்ல வாட்டசாட்டம், சிரித்தால் பல் மட்டும் வெள்ளையாகத் தெரியும். இருமல் விடவில்லை என்று வந்தார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து பெயரைச் சொல்லும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யக்கா, எம் பேரு இதுக்குள்ளயேதான கீது? வெளிய பூடாதே?"

"போகாதுப்பா. பூட்டி வெச்சிருக்கேன்."

"வூட்ல கூட தெரியக்கூடாதுக்கா. எம் பொண்டாட்டி கைல சொல்லிடாத."

"உன் வாயால சொன்னாத்தான் உண்டு. எங்ககிட்டேருந்து ஒருத்தருக்கும் போகாது."

"சத்தியமா?"

"சத்தியம் எல்லாம் எதுக்கு, இதுதான் என் வேலையே" என்றேன். அந்தக் கறார் குரலில் சொன்னால்தான் ஜனங்கள் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அவருடைய படமும் சேர்ந்த தொகுப்பை எடுத்துக்கொண்டு பெங்களூர் போனவன் மோசஸ். எங்கள் களப்பணியாளர், நல்ல பையன், ஓட்டை வாய், ஆனால் வேலையில் சுத்தம். போகும்போது டாக்டர் முன்னால் அடியைத் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் போனான். திரும்பி வரும்போது யார் முன்னால் காட்டுவான்? விடிகாலையில் ரயில் பேசின் பிரிட்ஜ் அவுட்டரில் சிக்னலுக்காக நின்றிருக்கிறது. கண்ணசந்துவிட்டான். விழித்துப் பார்த்தால் காலடியில் வைத்திருந்த பையைக் காணோம். சென்ட்ரலில் இறங்கிப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் போட்டான். அழுதுகொண்டிருந்தான்.

"அழுகைய நிறுத்து. மூடினியா, அணைச்சியா?"

"யக்கா, மூடி வெச்சேன்க்கா."

"மோசஸ், நான் கேக்கறது காதுல வுழுதா? அணைச்சியா?"

"தெர்லக்கா. பெங்களூரு டாக்டராண்ட பேசிக்கினே மூட்ட முடிச்சக் கட்னேன். அணைச்சா மாறியும் கீது, அணைக்காத மாறியும் கீது."

படங்களின் பிரதி அலுவலகத்தில் இருந்தது, அதனால் நஷ்டம் ஒன்றுமில்லை. பயம் வேறு. அது தூங்கிக்கொண்டிருந்தால் விஷயம் தெரிந்தவன் கையில் அகப்பட்டால் போதும், அத்தனை பெயரும் வெளியே வந்துவிடும். பெயர், வேலை செய்யும் இடம், நெஞ்சில் என்ன கோளாறு, எல்லாம்.

டாக்டர் மரகதத்திடம் சொன்னதும் பெயர்ப் பட்டியலை எடுத்துவரச் சொன்னார். பிறகு, "அவங்களுக்குச் சொல்லணும், செல்வி. அவங்க பேரு, அவங்களுக்குத்தான் முதல்ல தெரியணும்" என்றார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு போய்ச் சொன்னோம். ஏழுமலை என் பங்கில் வந்தார். ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில், யாரோ வழி கேட்கிறவள் மாதிரி நின்று சொன்னேன். கிளாஸைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"பேஜாராப் போச்சேக்கா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எனக்கு நரகம். காலையில் ஷிப்டு தொடங்கும் நேரத்தில் போன் அடித்தால் எடுக்கவே பயமாக இருக்கும். யாராவது ஒருத்தரை வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்ற செய்திதான் அது என்று நினைப்பேன். வீட்டுக்கு வந்தால் சொல்லி அழ ஆளில்லை. இருந்தாலும் என்னவென்று சொல்வது? வாயைத் திறந்தால் அதுவே பெயரை வெளியே விடுவது. சமைத்ததைச் சாப்பிடாமல் நாய்க்குப் போட்டேன். சாயங்காலங்களில் நான் கடைக்குப் போகும்போது ஏழுமலை எதிரே நடந்து வருவார். என்னைத் தாண்டிப் போகும்போது நிற்காமல், முகத்தைப் பார்க்காமல், "கெட்ச்சிச்சா?" என்று மட்டும் கேட்பார். "இன்னும் இல்ல" என்று நானும் காற்றிடம் சொல்வேன்.

கிடைத்தது. பழைய எலக்ட்ரானிக் சாமான் வாங்கும் கடை ஒன்றில் போலீஸ் பிடித்த திருட்டுச் சாமான்களோடு அதுவும் இருந்தது. ஓரத்தில் ஒரு ஸ்க்ரூ இல்லை, யாரோ கழற்றிப் பார்த்திருக்கிறார்கள். மேசையில் வைத்துச் சார்ஜரைச் செருகினேன். மீட்புச் சாவியின் முன்பாதியை டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மோசஸே தன் பாஸ்வேர்டை அடித்தான். நாங்கள் இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றோம். திறந்ததும், எப்போது இயங்கியது, எப்போது அணைந்தது என்று அந்தப் பெட்டி தானே பதிந்து வைத்திருக்கும் குறிப்பைத் தேடினேன். கடைசியாகப் பெங்களூரில், அவன் கிளம்பிய நேரத்தில், முறைப்படி அணைக்கப்பட்டிருந்தது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. இப்போது நாங்கள் திறந்தது மட்டும்தான்.

"அணைச்சிருக்கேடா" என்று கத்திவிட்டேன். மோசஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் மேசையைச் சுற்றி வந்து என் தோளைத் தொட்டார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒரு தடவைதான். வாழ்க்கையில் நான் செய்த வேலைக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். இதற்கு யாரும் மாலை போட மாட்டார்கள், ஒன்றுமே நடக்காமல் போனதுதான் வெற்றி, ஆனால் எனக்கு அது போதும் என்று தோன்றியது.

ஏழுமலையை வரவழைத்தோம். பெங்களூர் நிபுணரின் முடிவும் வந்திருந்தது. நுரையீரலில் தழும்பு விழத் தொடங்கியிருந்தது. டாக்டர் படத்தைக் காட்டி, தூசி இல்லாத வேலைக்கு மாறியே தீர வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். மாற்று வேலைக்கு ஏற்பாடு செய்ய ஆட்களைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றும் சொன்னார். ஏழுமலை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் என் மேசையருகே நின்று, "பொட்டிய ஒருத்தனும் பாக்கல இல்லக்கா?" என்றார்.

"ஒருத்தரும் பாக்கல."

"அப்ப நாளைக்கு டூட்டிக்குப் போலாம்" என்று சிரித்தார். "இப்பத்திக்கி வேலய வுட்டா பொயப்பு இன்னாக்கா ஆவறது? பொண்ணு படிச்சிக்கினு கீது. முடிச்சிடட்டும், அப்பால பாத்துக்கலாம்." டாக்டர் சொல்லியனுப்பிய வேலைகளுக்கு அவர் போகவில்லை. கூலி பாதிதான் வரும் என்றார். பிறகு எங்கள் பக்கம் வருவதையும் நிறுத்திவிட்டார்.

மூன்று வருடம் போயிருக்கும். நான் ஓய்வு பெறப் போகிற வருடம். மத்தியான நேரம், மீன் விற்றுவிட்டு நேராக வந்தவள் போல ஒரு பெண் படியேறி வந்து, "செல்வியக்கா யாரு?" என்று கேட்டாள். நான்தான் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நான் கஸ்தூரி. ஏயுமல சம்சாரம். அவரு போயி பத்தாம் நாளு காரியம் அல்லாம் முடிஞ்சிடுச்சி. மூச்சு வுட முடியாத கெடந்தாரு. கடைசில ஒரே ஒரு வார்த்த சொன்னாரு, செல்வியக்காவப் போயி பாருன்னு. இன்னாத்துக்குன்னு சொல்லல."

ஏழுமலை இறந்தது எனக்கு அப்போதுதான் தெரியும். நாலு தெரு தள்ளி நடந்த சாவு. அவளை உள் அறையில் உட்கார வைத்துவிட்டு, வெளியூரில் இருந்த டாக்டருக்குப் போன் செய்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். "அவரே அனுப்பினாரா?" ஆமாம் என்றேன். "அப்ப எல்லாத்தையும் சொல்லுங்க" என்றார். குரல் உடைந்திருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்தூரியே பேசினாள். "உன்ன எனுக்குத் தெரியும்க்கா. தேரு அன்னிக்கு பாத்துகீறேன். உன்னப் பாத்ததும் அவரு மூஞ்சியத் திருப்பிக்கினாரு, நீயும் திருப்பிக்கின. வூட்டுக்குப் போயி சண்ட போட்டேன், யார்யா அவ, இன்னா சமாச்சாரம்னு. சிரிச்சிக்கினே இருந்தாரு, வாயத் தொறக்கல. ரெண்டு நாளு சோறு போடல நானு."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டிய பேச்சு. வரவில்லை. பாஸ்வேர்டு அடித்து அவர் பெயரைத் திறந்தேன். படத்தைக் காட்டினேன். எப்போது வந்தார், என்ன கோளாறு, டாக்டர் என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். நஷ்ட ஈடு கேட்க இந்த முடிவுகள் உதவும் என்றேன். அது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"மூணு வருசமா?"

"ஆமாம்மா."

"மூணு வருசமா அவருக்குத் தெரியும். உனுக்குத் தெரியும். எனுக்குத் தெரியாது. பக்கத்துல படுத்துகினு கீறவ நானு." திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தா இன்னா பண்ணியிருப்பானுங்க?"

"வேலைய விட்டு நிறுத்தியிருப்பாங்க."

"நிறுத்தியிருந்தா உசுரோட கீருப்பாரு இல்ல?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை. "இருந்திருக்கலாம்மா" என்றேன். லேப்டாப் கிடைத்த அன்றைக்குக் கத்தினேனே, அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் பெயரை நான் காப்பாற்றினேன். அது பொய்யில்லை. அந்தப் பெயரோடு அவர் தினமும் நிலக்கரிக்குள் போனார்.

கத்துவாள், மேசையில் இருப்பதைத் தூக்கி எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"இங்க வந்தப்ப பயந்துகினு இருந்தாராக்கா?"

"பயந்துதாம்மா இருந்தாரு. கை ரெண்டையும் தொடைக்கு அடியில வெச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போச்சு, குடிக்கல. டாக்டரம்மா படத்தைக் காட்டறப்ப படத்தப் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டிருந்தாரு. வெளிய வந்து சிரிச்சாரு."

"என்னியப் பத்தி இன்னா சொன்னாரு?"

"வீட்ல தெரியக்கூடாதுன்னாரு. முடிவு சொன்ன அன்னிக்கு ஏம்ப்பான்னு கேட்டேன். 'அவ அயுதா என்னால வேலைக்குப் போவ முடியாதுக்கா, அவ மூஞ்சியப் பாத்துட்டுத்தான் காலைல கெளம்பறேன்'னாரு."

வெளியே படியில் யாரோ ஏறி வந்து, எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஊரில் இத்தனை பேர் இருக்க, அவள் புருஷன் பயந்ததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதைக் கேட்க வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

"இன்னொரு தபா சொல்லுக்கா" என்றாள். "மொதல்லேந்து."

லேப்டாப்பை அணைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மறுபடி சொல்லத் தொடங்கினேன்.